நான்கு ஆண்டு நீடித்த இரட்டையர், நாற்பது ஆண்டாக ஒலிக்கும் பாட்டு: ‘வாம்’ குழுவின் பின்னணி

2023 டிசம்பரில் பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் பாட்டு வரிசைப்பட்டியலில் கிறிஸ்துமஸ் வார முதலிடத்தை ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ பிடித்தது. அந்தப் பாட்டு வெளிவந்தது 1984இல். அதை வெளியிட்ட ‘வாம்’ என்ற ஆங்கிலேய இரட்டையர் 1986இலேயே பிரிந்துவிட்டனர். பாட்டை எழுதிப் பாடிய ஜார்ஜ் மைக்கேல் 2016ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று காலமானார். 2024இலும் அதே பாட்டு அதே இடத்தில் வந்து நின்றது. ஒரே பாட்டு அடுத்தடுத்த இரண்டு கிறிஸ்துமஸ்களில் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை.

இந்தச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இயல்பாகவே மூன்று ஐயங்கள் எழுகின்றன. வெளியான ஆண்டில் எட்டாத இடத்தை ஒரு பாட்டு 39 ஆண்டு கழித்து எப்படி எட்டுகிறது? புகழின் உச்சத்தில் இருந்த இருவர் ஏன் நான்கே ஆண்டில் கடையைக் கட்டினார்கள்? பிற்காலத்தில் ஜார்ஜ் மைக்கேல் சோனி நிறுவனத்தோடு நடத்திப் புகழ்பெற்ற வழக்குக்கும் இந்தக் குழுவுக்கும் என்ன தொடர்பு? பாட்டுகளின் தரம் ஒருபுறம் இருக்க, இந்த இசை வாழ்வின் போக்கைப் பெருமளவு தீர்மானித்தவை பதின்ம வயது முடியும் முன்பே போடப்பட்ட ஒரு கையெழுத்தும், விற்பனையை எண்ணும் முறையில் நேர்ந்த மாற்றங்களும்தாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரிசைப்பட்டியல் எதை எண்ணுகிறது?

முதல் ஐயத்துக்கான விடை எளியது. ‘முதலிடம்’ என்ற சொல் மாறவில்லை. அது அளக்கும் பொருள் மாறிவிட்டது. மாற்றம் மூன்று கட்டங்களில் நிகழ்ந்தது.

1. 1984இல் எண்ணப்பட்டது கடையில் விற்ற ‘சிங்கிள்’ மட்டுமே. சிங்கிள் என்பது ஆல்பத்திலிருந்து பிரித்தோ தனியாகவோ வெளியிடப்படும் ஒரு பாட்டின் தட்டு. வாங்கியவர் அதை வீட்டில் ஆயிரம் முறை கேட்டாலும் பட்டியலில் அது ஒரே ஒரு விற்பனைதான். தட்டு கடையில் இல்லாமற்போனால் பாட்டும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

2. 2007 ஜனவரி முதல், கடையில் தட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இணையத்தில் காசு கொடுத்துப் பதிவிறக்கப்படும் எந்தப் பாட்டும் கணக்கில் சேர்ந்தது. பழைய பாட்டுகளுக்குக் கதவு திறந்தது அப்போதுதான். அந்த ஆண்டிலிருந்து ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ ஒவ்வொரு டிசம்பரிலும் பட்டியலுக்குத் திரும்பி வருகிறது.

3. 2014 ஜூலை முதல் ஸ்ட்ரீமிங் கேட்புகளும், அதாவது பதிவிறக்காமல் இணையத்திலேயே ஓடவிட்டுக் கேட்பதும் எண்ணப்பட்டன. தொடக்கத்தில் 100 கேட்புகள் ஒரு விற்பனைக்குச் சமம் என்று வைக்கப்பட்டது. 2018இலிருந்து சந்தா கட்டியவர்களின் கேட்பில் 100, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களின் கேட்பில் 600 என்று விகிதம் பிரிக்கப்பட்டது.

மூன்றாவது மாற்றத்தின் விளைவுதான் பெரியது. முன்பு எண்ணப்பட்டது வாங்கும் செயல். இப்போது எண்ணப்படுவது கேட்கும் செயல். ஒரு வீட்டு விருந்தில் ஓடும் கிறிஸ்துமஸ் பாட்டுத் தொகுப்பு ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக எண்ணப்படுகிறது. ஆண்டின் குறிப்பிட்ட சில வாரங்களில் எல்லோரும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, புதிய பாட்டுகள் அதனோடு போட்டியிடுவது கடினம். பல வாரங்களாக இறங்குமுகத்தில் இருக்கும் பாட்டுகளின் கேட்புகளுக்கு மதிப்பைப் பாதியாகக் குறைக்கும் விதி 2017இல் வந்தது. ஆனால் பருவகாலப் பாட்டுகளின் டிசம்பர் வெள்ளத்தை அந்த அணையால் முழுவதும் தடுக்க முடியவில்லை. 2021 ஜனவரி 1 அன்று வெளியான பட்டியலில் ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ முதன்முதலாக முதலிடம் கண்டது. அதுவரை, முதலிடம் பெறாத பாட்டுகளிலேயே பிரிட்டனில் அதிகம் விற்றது என்ற விசித்திரமான பெருமைதான் அதற்கு இருந்தது.

1984 டிசம்பரில் அதை இரண்டாமிடத்தில் நிறுத்தியது எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பிரிட்டிஷ் பாடகர்கள் பலர் கூடி வெளியிட்ட ‘பேண்ட் எய்ட்’ பாட்டு. அதிலும் ஜார்ஜ் மைக்கேலின் குரல் உண்டு. ஆக, அவர் ஒருவகையில் தம்மிடமே தோற்றார் எனலாம். ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ தட்டின் உரிமைத்தொகையையும் இரட்டையர் அதே நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டனர். 1984இன் இரண்டாமிடத்தையும் 2023இன் முதலிடத்தையும் அருகருகே வைத்து, பாட்டு ‘வளர்ந்துவிட்டது’ என்று எழுதுவது சரியான ஒப்பீடு அல்ல.

இருவரும் யார்?

ஜார்ஜ் மைக்கேலின் இயற்பெயர் யோர்கோஸ் கிரியாகோஸ் பனயோட்டு. 1963 ஜூனில் லண்டனில் பிறந்தார். தந்தை சைப்ரஸிலிருந்து வந்து உணவகம் நடத்திய கிரேக்கர். ஆண்ட்ரூ ரிட்ஜ்லி அதே ஆண்டு ஜனவரியில் சர்ரி வட்டாரத்தில் பிறந்தார். அவருடைய தந்தை எகிப்தியப் பின்னணி கொண்டவர். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள புஷி மீட்ஸ் பள்ளியில் 1975இல் இருவரும் சந்தித்தனர். பள்ளிக்குப் புதிதாக வந்த கூச்ச சுபாவமுள்ள மாணவனைக் கவனித்துக்கொள்ள முன்வந்தவர் ரிட்ஜ்லி. தோற்றம், உடை, தன்னம்பிக்கை ஆகிய மூன்றிலும் தொடக்கத்தில் அவரே தலைவர். 1979இல் நண்பர்களோடு ‘தி எக்ஸிக்யூட்டிவ்’ என்ற பெயரில், ஜமைக்காவில் பிறந்த ஸ்கா என்ற துள்ளல் இசைக்கான குழு ஒன்றை நடத்தினர்; அது நிலைக்கவில்லை. மிஞ்சியவர்கள் இவர்கள் இருவரும்தான்.

1982 ஜூனில் முதல் சிங்கிளான ‘வாம் ராப்’ வந்தபோது பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தைக் கடந்திருந்தது. அரசு தரும் உதவித்தொகையில் வாழும் இளைஞன் அதற்காக வெட்கப்படாமல் ஆடிப்பாடுவதே அந்தப் பாட்டின் பொருள். பின்னாளில் கடற்கரை வெயிலும் வெள்ளைப் பற்களுமாக நினைவுகூரப்படும் குழு, இப்படி ஒரு சமூகப் பாட்டோடு தொடங்கியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முதல் வெளியீட்டில் அது எடுபடவில்லை. அடுத்த சிங்கிளான ‘யங் கன்ஸ்’ முதல் 40 இடங்களுக்கு வெளியே இருந்தபோதே பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. அந்த ஒரே நிகழ்ச்சிக்குப் பிறகு பாட்டு ஏறத் தொடங்கி மூன்றாமிடம்வரை சென்றது.

சோல் இசையோடு உள்ள உறவு

அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயப் பாட்டும் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ இசையும் கலந்து 1950களிலும் 60களிலும் உருவானதே சோல் இசை. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனம் அதை எல்லா இனத்தாரும் ஆடக்கூடிய துள்ளல் இசையாக்கியது. தெற்கே அலபாமாவின் மசில் ஷோல்ஸ் போன்ற ஊர்களின் ஒலிப்பதிவுக் கூடங்கள் அதன் கனத்தையும் ஏக்கத்தையும் காப்பாற்றின. ‘வாம்’ இந்த இரண்டு கிளைகளிலிருந்தும் கடன் வாங்கியது. முதல் ஆல்பமான ‘ஃபேன்டாஸ்டிக்’கில் மிராக்கிள்ஸ் குழுவின் ‘லவ் மெஷின்’, இரண்டாவதான ‘மேக் இட் பிக்’கில் ஐஸ்லி பிரதர்ஸின் ‘இஃப் யூ வேர் தேர்’ என்று இரண்டிலும் பழைய சோல் பாட்டுகளைத் திரும்பப் பாடியுள்ளனர். ‘ஃபிரீடம்’, ‘ஐ’ம் யுவர் மேன்’ ஆகியவற்றின் தாளக்கட்டு வெளிப்படையாகவே மோட்டவுன் பாணி.

இந்த உறவு வெறும் பாவனையா, உண்மையான பயிற்சியா என்று அறிய ‘கேர்லெஸ் விஸ்பர்’ பாட்டின் கதையே போதும். பள்ளிப் பருவம் முடியும் வேளையில் இருவரும் சேர்ந்து எழுதியது இது. ஒலிப்பதிவுக்காக ஜார்ஜ் மைக்கேல் மசில் ஷோல்ஸுக்கு அனுப்பப்பட்டார். தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர். ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயரையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர், அரீத்தா ஃபிராங்க்ளினின் புகழ்மிக்க தட்டுகளை உருவாக்கியவர். அப்படிப்பட்டவர் செய்து கொடுத்த பதிவை இருபது வயதே ஆன பாடகர் போதாது என்று ஒதுக்கினார். லண்டன் திரும்பித் தாமே தயாரிப்பாளராக அமர்ந்து மறுபடியும் பதிவுசெய்தார். எல்லோர் காதிலும் நிற்கும் அந்த சாக்ஸஃபோன் இழை ஸ்டீவ் கிரிகரி வாசித்தது. அது வாய்க்கும்வரை வேறு பல கலைஞர்கள் முயன்று பார்க்கப்பட்டனர். 1984 ஆகஸ்டில் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு முழுமைக்குமான பில்போர்டு இதழின் பாட்டு வரிசைப்பட்டியலின் முதல் பாட்டும் அதுவே.

வெளியீட்டில் ஒரு நுட்பமும் உண்டு. பிரிட்டனில் இது ஜார்ஜ் மைக்கேலின் தனிப்பாட்டாக வந்தது. அமெரிக்காவில் ‘ஜார்ஜ் மைக்கேல் இடம்பெறும் வாம்’ என்ற பெயரில் வந்தது. குழு உயிரோடு இருக்கும்போதே ஒருவர் வெளியே ஒரு காலை வைத்துவிட்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முதல் ஒப்பந்தம்

இசைத்தட்டு ஒப்பந்தத்தில் மூன்று சொற்களைப் புரிந்துகொண்டால் போதும். முன்பணம் என்பது கலைஞருக்கு நிறுவனம் முதலில் கொடுக்கும் தொகை. பின்னர் அவருடைய வருவாயிலிருந்தே அது கழிக்கப்படும். உரிமைத்தொகை என்பது விற்கும் ஒவ்வொரு தட்டிலும் கலைஞருக்கு வரும் விழுக்காடு. கடப்பாடு என்பது அவர் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தே ஆகவேண்டிய ஆல்பங்களின் எண்ணிக்கை. அதுவரை வேறு எவருக்கும் பாட முடியாது.

1982 மார்ச்சில், ஜார்ஜுக்கு 18 வயதும் ஆண்ட்ரூவுக்கு 19 வயதும் நடக்கையில், ‘இன்னர்விஷன்’ என்ற சிறு நிறுவனத்தோடு ஒப்பந்தமானார்கள். ஆளுக்கு 500 பவுண்டு முன்பணம். உரிமைத்தொகை குறைவு; நடன அரங்குகளில் அதிகம் விற்ற 12 அங்குல சிங்கிள்களுக்கு அதுவும் இல்லை. ஆல்பக் கடப்பாடோ நெடுங்காலத்துக்கு நீண்டது. இன்னர்விஷனைக் கொடுமைக்கார நிறுவனமாக மட்டும் காட்டுவது நியாயமாகாது. விநியோகத்தை ஏற்ற பெரிய நிறுவனமான சிபிஎஸ், இன்னர்விஷனுக்கே இறுக்கமான நிபந்தனைகளைத்தான் போட்டிருந்தது. மேலே இருந்த நெருக்கடி கீழே இருந்தவர்கள் தலையில் இறங்கியது.

1983 ஜூலையில் ‘ஃபேன்டாஸ்டிக்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோதும் இருவர் கையிலும் பணம் இல்லை. சைமன் நேப்பியர்-பெல், ஜாஸ் சம்மர்ஸ் ஆகிய புதிய மேலாளர்கள் ஒப்பந்தத்தை உடைக்க முனைந்தனர். தகராறு முற்றிய வேளையில் பழைய பாட்டுகளை ஒட்டிச் சேர்த்து இன்னர்விஷன் ஒரு தொகுப்புத் தட்டை வெளியிட, அதை வாங்க வேண்டாம் என்று இரட்டையர் தங்கள் ரசிகர்களையே கேட்டுக்கொண்டனர். நீதிமன்றத்துக்குப் போன விவகாரம் 1984 மார்ச்சில் சமரசத்தில் முடிந்தது. குழு சிபிஎஸ்ஸின் எபிக் பிரிவுக்கு நேரடியாக மாறியது. இந்தச் சமரசத்தை நினைவில் வைக்க வேண்டும். பத்து ஆண்டுக்குப் பிறகு அதுவே பெரும் தடையாக எழுந்து நின்றது.

விடுதலையின் பலன் உடனே தெரிந்தது. 1984 மே மாதம் வெளியான ‘வேக் மீ அப் பிஃபோர் யூ கோ-கோ’ பிரிட்டனிலும், பின்னர் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. ‘மேக் இட் பிக்’ ஆல்பம் இரு நாடுகளிலும் முதலிடம். அதிலிருந்து அமெரிக்காவில் மட்டும் மூன்று பாட்டுகள் முதலிடத்தைத் தொட்டன.

சீனப் பயணம் ஏன்?

1985 ஏப்ரல் 7 அன்று பெய்ஜிங் தொழிலாளர் உள்ளரங்கில் ‘வாம்’ பாடியது, அடுத்து குவாங்சோவில். கலாச்சாரப் புரட்சிக்குப் பின் திறந்துகொண்டிருந்த சீனாவில் பாடிய முதல் மேற்கத்திய பாப் குழு இதுவே. எழுந்து ஆடுவது பார்வையாளருக்குத் தடைசெய்யப்பட்டிருந்ததால், இருக்கையில் அமைதியாக அமர்ந்து பார்த்த கூட்டத்தின் முன் துள்ளல் இசை நடந்தது.

இதன் இலக்கு சீனச் சந்தை அன்று. அமெரிக்கச் செய்தித் தொலைக்காட்சி. அமெரிக்காவில் பெரிய அரங்குகளை நிரப்ப ஒரு பிரிட்டிஷ் குழு வழக்கமாகப் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். குழு நெடுங்காலம் நீடிக்காது என்று அறிந்திருந்த மேலாளர்கள் ஒரே செய்தியால் அந்தத் தூரத்தைத் தாண்ட நினைத்தார்கள். அதே கோடையில் அமெரிக்காவின் விளையாட்டு மைதானங்களில் ‘வாம்’ பாடியது. இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சன் எடுத்த சீனப் பயண ஆவணப்படம் அவருக்குப் பிடித்த வடிவில் வெளிவரவில்லை என்பது தனிக்கதை.

பிரிவின் காரணங்கள்

சண்டை, பொறாமை என்று எழுதுவது வழக்கம். பதிவுகள் அப்படிக் காட்டவில்லை. காரணங்கள் வேறு.

1. எழுதியவர் யார் என்ற கேள்வி. ‘வாம் ராப்’, ‘கிளப் டிராபிகானா’, ‘கேர்லெஸ் விஸ்பர்’ ஆகியவற்றில் ரிட்ஜ்லியின் பெயர் உண்டு. அதன் பிறகு அநேகமாக எல்லாம் ஜார்ஜ் ஒருவரே எழுதியவை. ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ பாட்டை எழுதித் தயாரித்ததோடு, இசைக்கருவிகளையும் அவரே வாசித்தார். இரட்டையர் என்ற வடிவத்துக்குள் நடைமுறையில் ஒருவரே உழைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த ஒருவர் மேடையேறத் துணிந்ததே மற்றவரால்தான். ரிட்ஜ்லியை வெறும் துணைநடிகராகக் காண்பது பெரும் பிழை.

2. கேட்பவர்கள் யார் என்ற கேள்வி. பதின்ம வயதினருக்கான விளையாட்டுக் குழு என்ற முத்திரையோடு பெரியவர்களுக்கான பாட்டை எழுத முடியாது என்று ஜார்ஜ் கருதினார். அவருக்கு 1985இல் பிரிட்டனின் பாடலாசிரியர்களுக்கான ஐவர் நொவெல்லோ விருதுக் குழு ஆண்டின் சிறந்த பாடலாசிரியர் பட்டம் தந்தது அந்த எண்ணத்தை உறுதிசெய்திருக்கலாம்.

3. உடனடித் தூண்டுதல். 1986 தொடக்கத்தில் மேலாளர்கள் தங்கள் நிறுவனத்தை விற்க முனைந்தனர். வாங்கவிருந்த நிறுவனத்துக்கு, நிறவெறித் தென்னாப்பிரிக்காவில் ‘சன் சிட்டி’ கேளிக்கை நகரை நடத்திய தொழிலதிபரோடு தொடர்பு இருந்தது வெளியானதும் ஜார்ஜ் அவர்களோடு உறவை முறித்தார்.

1986 ஜூன் 28 அன்று வெம்ப்ளி மைதானத்தில் 72,000 பேர் முன்னிலையில் கடைசி நிகழ்ச்சி நடந்தது. அப்போது பட்டியலின் முதலிடத்தில் இருந்ததும் அவர்களுடைய ‘தி எட்ஜ் ஆஃப் ஹெவன்’தான்.

1994 தீர்ப்பு: பழைய சமரசத்தின் நிழல்

தனிப்பாடகராக ஜார்ஜ் மைக்கேலின் முதல் ஆல்பமான ‘ஃபெய்த்’ 1987இல் வந்து, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்றது. அமெரிக்கக் கறுப்பின இசைக்கான பட்டியலிலும் அது முதலிடம் கண்டது. வெள்ளையினத் தனிப்பாடகர் ஒருவருக்கு அது முதன்முறை. 1989இல் சோல் இசைப் பிரிவிலேயே அவருக்கு அமெரிக்கன் மியூசிக் விருதுகள் தரப்பட்டபோது, அந்த இசையை உருவாக்கியவர்களுக்குரிய இடம் அவருக்கு ஏன் என்ற கண்டனமும் எழுந்தது. நியாயமான கேள்விதான்.

1988இல் சிபிஎஸ்ஸின் இசைப்பிரிவைச் சோனி வாங்கியது. அதே ஆண்டு ஜார்ஜின் ஒப்பந்தம் திருத்தப்பட்டது: எட்டு ஆல்பங்கள், அதிகபட்சம் 15 ஆண்டுகள். 1990இல் தம் உருவத்தை விளம்பரத்திலிருந்து விலக்கிக்கொண்டு அவர் வெளியிட்ட ஆல்பத்துக்குச் சோனி போதிய ஆதரவு தரவில்லை என்று மனக்கசப்பு ஏற்பட, 1992இல் லண்டன் உயர் நீதிமன்றத்தை நாடினார்.

அவருடைய வாதம் ‘தொழில் தடை’ என்ற ஆங்கிலச் சட்டக் கோட்பாட்டின் மேல் நின்றது. ஒருவர் தம் தொழிலைச் செய்வதை நியாயமற்ற அளவுக்குக் கட்டிப்போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் சாரம். 1974இல் டோனி மெக்காலே என்ற இளம் பாடலாசிரியரும், 1989இல் ‘ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்’ குழுவின் ஹாலி ஜான்சனும் இதே கோட்பாட்டால் வென்றிருந்தனர். எனவே வெற்றி கிடைக்கும் என்று இசை உலகில் பலர் எதிர்பார்த்தனர்.

1994 ஜூனில் நீதிபதி ஜோனதன் பார்க்கர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். தர்க்கம் படிப்படியாக இப்படிச் சென்றது.

1. 1988 ஒப்பந்தம் தனியே முளைத்ததன்று. 1984 ஒப்பந்தத்தின் திருத்தம்.
2. 1984 ஒப்பந்தம், இன்னர்விஷன் வழக்கை முடிவுக்குக் கொண்டுவந்த சமரசத்தின் பகுதி. அந்த வழக்கில் எழுப்பப்பட்டதும் ஒப்பந்தம் நியாயமற்றது என்ற இதே முறையீடுதான்.
3. வழக்குகளைச் சமரசத்தில் முடித்துக்கொள்பவர்கள் அந்தச் சமரசத்தை நம்பியிருக்க முடிய வேண்டும் என்பது பொதுநலம் சார்ந்த கொள்கை. ஆகவே அதே கோட்பாட்டைக் காட்டி அதை மறுபடி கிளறக் கூடாது.
4. அப்படியே கிளறினாலும், வழக்கறிஞர்களின் துணையோடு பேரம் பேசிய உச்ச நட்சத்திரத்துக்கு 1988இன் நிபந்தனைகள் நியாயமற்றவை ஆகா. பின்னாளில் முன்பணம் கேட்டுப் பெற்றதன் மூலம் ஒப்பந்தத்தை அவரே உறுதிப்படுத்தியும் இருந்தார்.

இரண்டாவது படிதான் இந்தக் கதையின் முடிச்சு. மெக்காலேவும் ஜான்சனும் தங்கள் முதல் ஒப்பந்தத்தையே எதிர்த்தார்கள். ஜார்ஜ் மைக்கேலோ தம் முதல் ஒப்பந்தத்தை இருபது வயதிலேயே சமரசத்தால் கடந்துவிட்டவர். 1982இன் தாள் நீதிமன்றத்தின் முன் வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். அது வரவே முடியாதபடி 1984இன் சமரசம் தடுத்துவிட்டது. ‘மேக் இட் பிக்’ ஆல்பத்தைச் சாத்தியமாக்கிய அதே கையெழுத்துதான் பிற்கால விடுதலையை மூடியது.

மேல்முறையீடு விசாரணைக்கு வரும் முன், 1995இல் டிரீம்வொர்க்ஸ், வெர்ஜின் ஆகிய நிறுவனங்கள் சோனிக்குப் பணம் கொடுத்து அவரை விடுவித்தன. பிற்கால விற்பனையில் ஒரு பங்கும், வெற்றிப் பாட்டுகளின் தொகுப்பை வெளியிடும் உரிமையும் சோனிக்குக் கிடைத்தன. அந்தத் தொகுப்பு 1998இல் வந்தது. ஐந்தாண்டு கழித்து, 2003இல், ஜார்ஜ் மைக்கேல் தம் விருப்பத்தோடு மறுபடியும் சோனியிடமே கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு வெளியான ‘பேஷன்ஸ்’ அவருடைய கடைசிப் புதுப்பாட்டு ஆல்பமாக அமைந்தது.